டோனர் காரில் எந்த பாக்ஸ் எது? கிட் காருக்காக ஒரு கோல்ஃபைப் பிரித்த அனுபவம்

கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார், கட்டுகிற பலர், அதற்கு என்ஜினும் சாமான்களும் கொடுக்கப் போகும் பழைய டோனர் கார் வந்து நின்றதும் ஸ்பானரை எடுத்துவிடுகிறார்கள். சீட், கதவு, டேஷ்போர்டு என்று எல்லாம் கழன்ற பிறகு மேஜை மேல் எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுக் கறுப்பு பாக்ஸ்கள் குவிந்து கிடக்கும். இதில் எது வேண்டும், எது வேண்டாம் என்ற கேள்வி அப்போதுதான் வரும். என் அனுபவத்தில், இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய நேரம் கார் முழுசாக நின்று என்ஜினும் ஓடுகிற நேரம்தான். காரில் இணைந்திருக்கும்போது ஒவ்வொரு பாக்ஸும் தான் யார், யாரோடு பேசுகிறேன் என்று சொல்லும். கழற்றி வைத்துவிட்டால் மிஞ்சுவது லேபிள் மட்டும்தான்.

என்னுடைய டோனர் நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். கட்டுவது, டிரைவர் முதுகுக்குப் பின்னால் என்ஜின் உட்காரும் இரண்டு சீட் கிட். கோல்ஃபின் முன்பக்கம் குறுக்காக இருக்கும் என்ஜினும் கியர்பாக்ஸும் அப்படியே பின்னுக்குப் போகின்றன, அதனால் இரும்பு வேலையில் பெரிய சிக்கல் இல்லை. மூளை வேலை முழுக்க வயரிங்கில்தான்.

முதலில் ஸ்டிக்கர். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதன் நகல் சர்வீஸ் புத்தகத்திலும் உண்டு. சேசிஸ் நம்பர், என்ஜின் கோடு, கியர்பாக்ஸ் கோடு, அப்புறம் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக. இந்தக் குறியீடுகள்தான் அந்தக் காரில் தொழிற்சாலை என்னென்ன பொருத்தியது என்று சொல்பவை. உதாரணமாக 1ஏடி என்றிருந்தால் வண்டியில் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்பி இருக்கிறது, 1ஏசி என்றால் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் மட்டும். பாக்ஸைத் தேடுவதற்கு முன்பே எதைத் தேட வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

என்ஜின் கோடு அதைவிட முக்கியம். என் வண்டியில் ஏயுஎம். 150 குதிரைத்திறன், என்ஜினை நடத்துவது பாஷ் மோட்ரானிக் எம்இ7.5, எலெக்ட்ரானிக் த்ராட்டில். அதே 150 குதிரைத்திறனோடு ஏஜியு என்ற பழைய 1.8 டர்போவும் இதே கோல்ஃபில் வந்தது. அதில் த்ராட்டிலுக்குக் கேபிள், மோட்ரானிக்கும் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஒன்றின் இசியுவை, அதாவது என்ஜினை நடத்தும் கணினி பாக்ஸை, மற்றதில் மாட்ட முடியாது. "1.8 டர்போ இசியு" என்று மட்டும் சொல்லி யாராவது விற்றால் என்ஜின் கோடைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சேசிஸ் நம்பரில் ஏழாவது, எட்டாவது இடங்களில் 1ஜே என்று இருக்கும். அது நான்காம் தலைமுறை கோல்ஃபின் அடையாளம். முழு நம்பரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன், ஏனென்றால் இசியுவுக்குள்ளேயும் அதே நம்பர் பதிந்திருக்கிறதா என்று பிறகு ஒப்பிட வேண்டும். பழைய காரில் யாரோ எப்போதோ இசியுவை மாற்றியிருக்க வாய்ப்புண்டு.

சரி, ஸ்கேனர். காரின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகும் சாதாரண ஓபிடி ரீடர் இந்த வேலைக்குப் போதாது. அது மாசுக்கட்டுப்பாடு தொடர்பான தகவல்களைப் படிக்க உருவானது, என்ஜின் இசியுவோடு மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளும். தயாரிப்பாளரின் சொந்த மொழியில் எல்லா பாக்ஸோடும் பேசுகிற கருவி வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்கு ராஸ்-டெக்கின் விசிடிஎஸ் நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு முகவரி: 01 என்ஜின், 02 ஆட்டோ கியர், 03 ஏபிஎஸ், 08 ஏசி, 15 ஏர்பேக், 17 டேஷ்போர்டில் வேகமும் பெட்ரோலும் காட்டும் மீட்டர், 19 நெட்வொர்க்குகளை இணைக்கும் கேட்வே, 46 சென்ட்ரல் லாக்கும் கண்ணாடியும் பார்க்கும் கம்ஃபர்ட் பாக்ஸ், 56 ரேடியோ.

ஸ்கேனர் எந்த பாக்ஸையும் எட்டவில்லை என்றால் முதலில் ரேடியோவைப் பாருங்கள். இந்த கோல்ஃபில் டயக்னாஸ்டிக் பேச்சு முழுக்க கே லைன் என்ற ஒற்றை வயரில் நடக்கிறது, அந்த வயர் ரேடியோவின் கப்ளருக்கும் (வயர்களைச் செருகும் கனெக்டர்) போகிறது. வெளியில் வாங்கிய ரேடியோவை நேரடியாகச் செருகியிருந்தால் அது கே லைனை இழுத்துப் பிடித்து எல்லாரையும் ஊமையாக்கிவிடும். ரேடியோவைக் கழற்றியதும் ஸ்கேன் வரும்.

என் வண்டியில் 01, 03, 08, 15, 17, 19, 46 ஆகியவை பதில் சொன்னன. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், முகவரியும் பாக்ஸும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தாது. 19-ல் "கேட்வே" என்று 6என்0 909 901 என்ற தனிப் பார்ட் நம்பரோடு பதில் வருகிறது. அந்த நம்பர் ஒட்டிய பாக்ஸைத் தேடி டேஷ்போர்டைக் குடைந்தால் கிடைக்காது, அது மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு நேர் எதிர் கதவு மாட்யூல்கள். பவர் விண்டோ மோட்டாரோடு ஒட்டிய ஒவ்வொரு கதவு மாட்யூலும் தனிப் பாக்ஸ்தான், ஆனால் அவற்றுக்கு முகவரி கிடையாது. 46-ஐத் திறந்தால் அதன் பிள்ளைகள் மாதிரி கீழே வரிசையாக வரும். ஸ்கேன் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணிக்கை போட்டால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும்.

பார்ட் நம்பரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஃபோக்ஸ்வாகன் நம்பர் மூன்று மூன்று எழுத்தாகப் பிரியும். நடுவில் இருக்கும் மூன்று இலக்கங்கள்தான் பொருளின் வகை. 906 வந்தால் பெரும்பாலும் என்ஜின் இசியு, 920 மீட்டர், 927 ஆட்டோ கியர் பாக்ஸ், 959 கம்ஃபர்ட், 909 605 ஏர்பேக். ஏபிஎஸ்ஸில் இரண்டு நம்பர் பார்க்கலாம்: ஹைட்ராலிக் கட்டைக்கு 614, அதன் மேல் திருகிய எலெக்ட்ரானிக்ஸுக்கு 907. முதல் மூன்று எழுத்து, அந்தப் பொருள் முதலில் எந்த வண்டிக்காக வந்தது என்பதைக் காட்டும். 1ஜே0 கோல்ஃப் நான்கு, 6க்யூ0 போலோ, 06ஏ என்பது வண்டியையே குறிக்காமல் என்ஜின் குடும்பத்தைக் குறிப்பது. அதனால் கோல்ஃபுக்குள் 6க்யூ0 909 605 என்று ஒரு ஏர்பேக் பாக்ஸைப் பார்த்தால் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம், தொழிற்சாலையிலேயே அப்படி வந்ததுதான். கடைசியில் ஒட்டும் எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். 06ஏ 906 032 என்ற அடி நம்பர் நிறைய இசியுக்களுக்குப் பொது. எந்த என்ஜின், எந்த சாஃப்ட்வேர் என்பதைப் பிரிப்பது அந்த ஒன்றிரண்டு எழுத்துகள்தான்.

லேபிளில் பாஷ் நம்பரும் தனியாக இருக்கும். 0 261 என்று தொடங்கினால் பெட்ரோல் இசியு, 0 281 டீசல், 0 265 ஏபிஎஸ், 0 285 ஏர்பேக். சீமென்ஸ் தயாரித்த பல என்ஜின் பாக்ஸ்களில் 5டபிள்யூகே9 என்று தொடங்கும். கார் கம்பெனியின் லேபிள் உரிந்துபோன பாக்ஸிலும், வேறு கம்பெனிக் காரைப் பிரிக்கும்போதும் இது கைகொடுக்கும், ஏனென்றால் பாஷ் தன் நம்பர் முறையை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைத்திருக்கிறது.

இதுவரை செய்தது பெயர் தெரிந்துகொள்வது. அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம்: யார் இல்லாவிட்டால் யார் புலம்புகிறார்கள் என்று பார்ப்பது. எல்லா பாக்ஸிலும் பழைய கோளாறு கோடுகளை அழித்துவிட்டு, சாவியை அணைத்து, ஒரே ஒரு பாக்ஸின் கப்ளரைக் கழற்றுவது. மறுபடி சாவி போட்டு, முடிந்தால் என்ஜினை ஓட்டி, மற்ற எல்லாரையும் ஸ்கேன் செய்வது. அப்புறம் அதை மாட்டிவிட்டு அடுத்தது. ஏர்பேக்கை மட்டும் இந்த விளையாட்டில் சேர்க்கக் கூடாது, அதைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம்.

ஏபிஎஸ்ஸைக் கழற்றினால் என்ஜின் இசியுவில் 18057 வருகிறது, ஏபிஎஸ்ஸிலிருந்து செய்தி வரவில்லை என்ற புகார். மீட்டரில் 01316. ஆனால் என்ஜின் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடுகிறது. கம்ஃபர்ட் பாக்ஸைக் கழற்றினால் கண்ணாடி இறங்காது, சென்ட்ரல் லாக் வேலை செய்யாது, என்ஜின் இசியு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மீட்டரைக் கழற்றினால் கதையே வேறு. என்ஜின் பற்றிக்கொண்டு ஒரு நொடியில் அணைந்துவிடுகிறது. இசியுவில் 18058, மீட்டரின் செய்தி இல்லை, கூடவே 17978, இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு ஸ்டார்ட்டைத் தடுத்துவிட்டது. வேகமும் பெட்ரோல் அளவும் காட்டுவதற்கு மட்டும் என்று நாம் நினைக்கும் மீட்டர்தான் இந்த வண்டியில் பூட்டும்கூட.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப். இக்னிஷன் லாக்கைச் சுற்றி ஒரு வளையச் சுருள், வயரிங் படத்தில் டி2. சுருள் சிப்பைப் படித்து மீட்டருக்குக் கொடுக்கிறது, மீட்டர் சரிபார்த்துவிட்டு, பாக்ஸ்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் என்ற இரட்டை வயர் வழியாக இசியுவோடு பேசுகிறது. மூன்றாம் தலைமுறை இம்மொபிலைசர் என்பது இதுதான். ஸ்கேனில் 17-ஐத் திறந்தால் விடபிள்யூஇசட் என்று தொடங்கும் 14 எழுத்து அடையாள எண் வரும், 01-ஐத் திறந்தாலும் அதே எண் வர வேண்டும். என் வண்டியில் இரண்டும் பொருந்தின, சேசிஸ் நம்பரும் பொருந்தியது. அப்படியென்றால் இசியு, மீட்டர், சுருள், சாவி நான்கும் ஒரே செட். இந்த நான்கையும் நான் ஒரே பெட்டியில் போட்டு மேலே எழுதிவைத்தேன். உடைந்த சாவித் தலையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், சிப் உள்ளே இருக்கும்.

கேன் வயர்களைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். இந்தக் குழும வண்டிகளில் கேன் ஜோடி ஆரஞ்சு நிறத்தில், ஒன்றோடொன்று முறுக்கியபடி வரும். ஆரஞ்சில் கறுப்புக் கோடு என்றால் என்ஜின் பக்கத்துக் கேனின் ஹை வயர், ஆரஞ்சில் பச்சைக் கோடு என்றால் கம்ஃபர்ட் பக்கத்து ஹை, ஆரஞ்சில் பிரவுன் கோடு எல்லாவற்றுக்கும் லோ. லோ எல்லாம் ஒரே நிறம் என்பதால் ஜோடியைப் பிரித்துவிட்டால் எந்த லோ எதனுடையது என்று குழம்பிவிடும். டேப்பை உரிக்கும்போதே ஜோடிக்கு ஒரு சிட்டை கட்டிவிட வேண்டும்.

மல்டிமீட்டரில் ஒரு நல்ல சோதனை உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஹைக்கும் லோவுக்கும் நடுவே ஓம் அளக்க வேண்டும். பொதுவான கேன் விதிப்படி வயரின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், இரண்டும் இணையாகச் சேர்ந்து 60 காட்டும். தயாரிப்பாளர்கள் இதைப் பங்கிடுகிற விதம் மாறலாம், அதனால் அந்த எண்ணைவிட, ஒவ்வொரு பாக்ஸாகக் கழற்றும்போது எண் எப்படி மாறுகிறது என்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாக்ஸைக் கழற்றியதும் அளவு நன்றாக ஏறினால் ரெசிஸ்டர் அதற்குள் இருக்கிறது. அந்த பாக்ஸை கிட் காரில் சேர்க்காமல் விடுவதாக இருந்தால் அதன் இடத்தில் ஒரு ரெசிஸ்டரை நாம் போட வேண்டியிருக்கும்.

என்ஜின் இசியு இருப்பது முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில், மழைத்தண்ணீர் வடியும் தொட்டிக்குள். பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால் தட்டையான அலுமினியப் பெட்டி தெரியும். இலைச்சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கிய வண்டிகளில் இந்தப் பெட்டியைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். நான் லீவரை மடக்கிக் கப்ளரை மெதுவாக உருவி, டார்ச் அடித்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்தேன். பச்சைக் களிம்பு எங்கும் இல்லை. கப்ளர் இரண்டு, 81 பின்னும் 40 பின்னும், மொத்தம் 121. பெரியதில் 1, 2 என்ற தடித்த பின்கள் எர்த், வயர் பிரவுன். 3 சாவி போட்டால் வரும் 12 வோல்ட், 62 எப்போதும் இருக்கும் 12 வோல்ட், 43 கே லைன். பேட்டரியைத் திருப்பி மாட்டி, மல்டிமீட்டரில் கூரான முனையைப் பின்பக்கத்திலிருந்து செருகி, இவற்றை மட்டும் முதலில் உறுதி செய்தேன். சாவியைத் திருப்பும்போது 3-ல் வோல்ட் வருகிறது, அணைத்தால் போகிறது, 62-ல் மாறாமல் நிற்கிறது. இந்த ஐந்தும் படத்தோடு ஒத்துப்போனால் கையிலிருக்கும் படம் இந்த வண்டிக்கானதுதான் என்ற நம்பிக்கை வரும். மீதிப் பின்களைப் படத்தைப் பார்த்தே குறித்துக்கொண்டு போகலாம்.

படத்தில் வரும் எழுத்துகளையே சிட்டைகளில் எழுதினேன். ஜே220 இசியு, ஜே285 மீட்டர், ஜே104 ஏபிஎஸ், ஜே234 ஏர்பேக், ஜே393 கம்ஃபர்ட். ஒரு சிட்டை பாக்ஸில், அதே எழுத்தோடு இன்னொன்று கப்ளரில். "டேஷ் அடியில் இருந்த கறுப்பு பாக்ஸ்" என்று எழுதிவைத்தால் சில மாதம் கழித்து அது யாருக்கும் உதவாது.

ஏர்பேக் பக்கம் போகும்போது நிதானம் வேண்டும். மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட வயர் எங்கே தெரிந்தாலும் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் இழுப்பான். பேட்டரியைக் கழற்றி, பாக்ஸுக்குள் சேமிப்பில் இருக்கும் மின்சாரம் வடிய நேரம் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். அந்த வயர்களில் ஓம் மீட்டரை வைக்கவே கூடாது. ஓம் மீட்டர் அனுப்பும் சின்ன மின்னோட்டமே வெடிப்பொருளைத் தூண்டிவிடக்கூடும். பாக்ஸ் கியர் லீவருக்கு முன்னால் நடு மேட்டின் மேல் தரையோடு இறுகத் திருகியிருக்கும். மோதலை உணரும் சென்சார் அதற்குள் இருப்பதால்தான் அந்த இறுக்கம்.

வேண்டாத பாக்ஸ் என்று ஒதுக்குவதற்கு முன் இன்னொரு கேள்வி: இது சத்தமில்லாமல் வேறு என்ன செய்துகொண்டிருந்தது? ஏபிஎஸ் வந்த கோல்ஃபில் பின்சக்கர பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கானிக்கல் வால்வு கிடையாது. அந்த வேலையை ஏபிஎஸ் பாக்ஸே செய்கிறது. அதை விட்டுவிட்டு பைப்பை நேராக இணைத்தால் பின்சக்கரம் முன்னதாகப் பூட்டிக்கொள்ளும். கோல்ஃபின் எடைக்கும் நீளத்துக்கும் அமைத்த ஏபிஎஸ்ஸை, எடை முழுக்கப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன காரில் நம்பி ஓட்ட எனக்கு மனமில்லை, அதனால் அதை எடுத்துவிட்டேன். பதிலுக்குச் சரிசெய்யக்கூடிய பிரேக் வால்வு ஒன்று பட்டியலில் ஏறியது. அதே மாதிரி பல கார்களில் மோதலின்போது பெட்ரோல் பம்பை நிறுத்தச் சொல்வது ஏர்பேக் பாக்ஸ். அது போகிறதென்றால் அதிர்ச்சியில் தானே அறுபடும் ஒரு இனர்ஷியா சுவிட்சைப் பம்ப் வயரில் போடுவது கட்டாயம் என்று நினைக்கிறேன்.

பாக்ஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் இசியு தேடும் சில்லறைச் சாமான்களும் இருக்கின்றன. ஆக்ஸிலரேட்டர் பெடல் முழுசாக வேண்டும், ஏனென்றால் ஜி79 சென்சார் அதிலேயே இருக்கிறது. பிரேக் பெடலின் சுவிட்ச் இல்லாவிட்டால் இபிசி என்ற என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும். கிளட்ச் சுவிட்சையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பம்ப் ரிலே, பெடல்களுக்கு மேலே உள்ள பலகையில், மேலே 409 என்று அச்சிட்டிருக்கும். வேகம் காட்டுவது கியர்பாக்ஸில் இருக்கும் ஜி22. இது நான்காம் தலைமுறையில் நமக்குக் கிடைத்த பெரிய வசதி. அடுத்த தலைமுறையில் மீட்டர் வேகத்தை ஏபிஎஸ்ஸிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, அங்கே ஏபிஎஸ்ஸை இவ்வளவு சுலபமாகக் கைவிட முடியாது. ரேடியேட்டர் ஃபேன் தெர்மோசுவிட்சிலேயே ஓடிவிடும், இசியுவைக் கேட்பதில்லை.

எல்லாம் குறித்த பிறகு கடைசிச் சோதனையையும் காருக்குள்ளேயே செய்தேன். ஏர்பேக், ஏபிஎஸ், கம்ஃபர்ட், ஏசி எல்லாவற்றின் கப்ளர்களும் கழன்ற நிலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்து, சூடாகும்வரை ஓட விட்டு, த்ராட்டிலை ஏற்றி இறக்கிப் பார்ப்பது. ஓடியது. இசியுவில் ஏபிஎஸ் பற்றிய 18057 மட்டும் நின்றது. ஏபிஎஸ் இருக்கிறதா இல்லையா என்பது இசியுவின் ஐந்து இலக்க கோடிங்கில் பதிந்திருப்பதால், அந்தப் புகாரை வயரால் தீர்க்க முடியாது, கோடிங்கை மாற்றித்தான் தீர்க்க வேண்டும். மாற்றுவதற்கு முன் பழைய கோடிங்கையும் முழு ஸ்கேன் அறிக்கையையும் அச்செடுத்து, நான்கு பொருள் செட் இருக்கும் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். மீட்டரில் ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை மீட்டரின் சொந்தக் கணக்கு, என்ஜினைப் பாதிக்காது, மீட்டரைப் புது டேஷில் பொருத்தும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது வயரிங் முழுசாகத் தரையில் விரிந்து கிடக்கிறது. இசியுவிலிருந்து மீட்டர் வரை போகும் ஆரஞ்சு ஜோடி, கே லைன், சுருளின் இரண்டு வயர், பெடல், 409-க்குப் போகும் கட்டு ஆகியவற்றில் வெள்ளை டேப் சுற்றியாகிவிட்டது. டேப் இல்லாதவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுப்பது அடுத்த வேலை.